உலோகப் பரப்பில் வாயுவை அளந்த வேதியியலாளர் ஞான் சந்திர கோஷ்

பட்டான்செரு: ஐதராபாத்தை அடுத்த பட்டான்செரு, மருந்து மூலப்பொருள் ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய உற்பத்தியில் கரித்தூளின் மீது படியவைத்த பல்லேடியம் போன்ற வினையூக்கிகள் பயன்படுகின்றன. உள்ளே புதைந்த அணுக்களால் பயனில்லை. வெளிப்பரப்பில் உள்ளவையே வேலை செய்யும். உலோகம் எவ்வளவு வாயுவைக் கவர்கிறது என்று அளந்தால் அவற்றின் எண்ணிக்கை தெரியவரும். இந்தியாவில் இவ்வாய்வை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர் சர் ஞான் சந்திர கோஷ்.

1894-ல் புருலியாவில் பிறந்த கோஷ், கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் உடன் பயின்றோர். வலிமிகு மின்பகுளிகள் குறித்து 1918-ல் அவர் வெளியிட்ட கொள்கை ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் 1923-ல் டிபை, ஹுக்கெல் ஆகியோரின் கொள்கை வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. முப்பது வயதுக்கு முன்பே புகழையும் அதன் சரிவையும் கண்ட அவர், டாக்கா பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து பணியாற்றினார்.

1939-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் உலகப்போர் மூண்டது. பெட்ரோலியம் குறைந்த, நிலக்கரி மிகுந்த நாட்டில், கரியிலிருந்து எரிபொருள் பெறும் ஃபிஷர்–டிராப்ஷ் முறை அவரை ஈர்த்தது. கீசல்கர் என்னும் நுண்துளை மண்ணில் கோபால்ட்டைப் படியவைத்த வினையூக்கிகள், ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தனித்தனியாகவும் கலவையாகவும் எவ்வாறு கவர்கின்றன என்பதை எம்.வி.சி. சாஸ்திரி, கே.ஏ. கினி ஆகியோருடன் சேர்ந்து அளந்தார். பொறுமையைச் சோதிக்கும் பணி இது: முன்பே ஒட்டியிருக்கும் வாயுவை வெற்றிடத்தில் முழுமையாக நீக்காவிடில் கணக்கு பொய்த்துவிடும். முடிவுகள் 1952-ல் வெளியாயின.

அதற்குள் அவர் வேறு பொறுப்புகளில் இருந்தார். 1950-ல் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகி, விடுதலை வீரர்கள் அடைக்கப்பட்டிருந்த ஹிஜ்லி சிறைமுகாமை வகுப்பறைகளாக்கினார். பின்னர் கொல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் பணியாற்றினார்.

நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் வணிக ஆலை அவர் காலத்தில் இந்தியாவில் எழவில்லை. 1959 ஜனவரி 21-ல் கோஷ் காலமானார். அவருடைய சகாவான சாஸ்திரி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் துறையில் வினையூக்கி ஆய்வைத் தொடர்ந்தார்.