பெயரின்றி வந்த நாவல்

மேரி ஷெல்லி அம்மையார் 1797-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். பதினோராம் நாள் தாயார் பிரசவக் காய்ச்சலால் மாண்டார். அவரே பெண்ணுரிமைக்காக 1792-இல் நூல் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். தாயின் குரல் மகளின் நினைவில் இல்லை, எழுத்தைத்தான் படித்தார்.

பதினாறு வயதில் கவிஞர் ஷெல்லியுடன் வீட்டை விட்டு வெளியேறினார். 1816-இல் ஜெனீவா ஏரிக்கரையில், ஓயாத மழைக்கிடையே, பைரன் தூண்டுதலால் எழுதத் தொடங்கியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818-இல் அது ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. முன்னுரை கணவருடையது; நாவலும் அவருடையதே என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். வால்ட்டர் ஸ்காட்டும் அவர்களில் ஒருவர்.

இந்நாவலில் பூதத்தைவிட என்னை நடுங்கச் செய்வது வேறொன்று. கதை முழுவதும் வால்ட்டன் தன் தமக்கை மார்கரெட்டுக்கு எழுதும் கடிதம். அவளுடைய பதில் ஒன்றுகூட நூலில் இல்லை. வால்ட்டன் பேசுகிறான், விக்டர் பேசுகிறான், சுவரிடுக்கில் ஒட்டுக்கேட்டு மொழி கற்ற பூதமும் பேசுகிறது. பெண்கள் பேசினால் என்ன நேர்கிறது? பணிப்பெண் ஜஸ்டின் தான் கொலை செய்யவில்லை என்கிறாள். பாதிரியார் நரகத்தைக் காட்டி மிரட்டிப் பொய் வாக்குமூலம் வாங்குகிறார். எலிசபெத் நீதிமன்றத்தில் அவளுக்காக வாதாடுகிறாள். தூக்குக் கயிறு தப்பவில்லை. பூதத்துக்குத் துணையாகப் படைக்கத் தொடங்கிய பெண்ணையோ, உயிர் கொடுக்குமுன்பே விக்டர் கிழித்தெறிகிறான். ஆண்கள் இருவர் செய்த உடன்படிக்கைக்கு அவள் உடன்படாமற் போகலாம் என்பதும் அவன் கூறும் காரணங்களில் ஒன்று! அந்த அச்சத்தில்தான் நாவலின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

1822-இல் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தார். இருபத்துநான்கு வயதில் விதவையானவருக்கும் சிறு மகனுக்கும் படியளந்த மாமனார் சர் திமொத்தி, அதையே பூட்டாகவும் ஆக்கினார். அம்மையார் 1824-இல் பதிப்பித்த கணவரின் கவிதைத் தொகுதியை விற்பனையிலிருந்து மீட்கச் செய்தார். மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாகாது என்றார். 1839-இல் கவிதைகளை வெளியிட இசைந்தபோதும் அந்தத் தடையை நீக்கவில்லை. அம்மையாரா சளைப்பவர்! கவிதைகளுக்குக் குறிப்பு எழுதுவதாகச் சொல்லி, அவை பிறந்த ஊரையும் காலத்தையும் துயரத்தையும் எழுதினார். தடுக்கப்பட்ட வரலாற்றில் பெரும்பகுதி அக்குறிப்புகளிலேயே வந்துவிட்டது.

மாமனார் 1844-இல் தொண்ணூறு வயதில் காலமானார். அதற்குள் அம்மையாரைத் தீராத தலைவலி பிடித்திருந்தது. முழு வரலாற்றை எழுதாமலே 1851 பிப்ரவரி முதல் நாள் அவர் கண் மூடினார்.