அஞ்சல் சுமந்த சிறு விமானம்: ஜே.ஆர்.டி. டாடா

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் உருவாகும் கைப்பேசிகள் இன்று மீனம்பாக்கத்திலிருந்து பெரும் விமானங்களில் கடல் கடந்து செல்கின்றன. சென்னைக்கு ஒழுங்கான வானஞ்சல் வரத் தொடங்கிய 1932இல் அதைச் சுமந்து வந்ததோ ஒற்றை எஞ்சின் பூட்டிய, துணி போர்த்திய இறக்கைகளையுடைய சிறு விமானம். அவ்வழியைத் தொடங்கி வைத்தவர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா.

1904 ஜூலை 29ஆம் நாள் பாரிசில் பிறந்த அவருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. வடபிரான்சின் ஹார்தெலோ கடற்கரையில் குடும்பத்தினர் கோடையைக் கழித்தனர். ஆங்கிலக் கால்வாயை 1909இல் முதன்முதல் விமானத்தில் பறந்து கடந்த பிளேரியோவின் வீடும் அங்கேதான் இருந்தது. பதினைந்தாம் வயதில் அங்கு ஒருமுறை வானேறிய சிறுவனின் உள்ளம் பின்னர் தரையில் நிலைகொள்ளவில்லை. 1929 பிப்ரவரி 10இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் எண் விமானி உரிமம் அவருக்குக் கிடைத்தது.

மறு ஆண்டு, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் இந்தியருக்கு ஆகாகான் அறிவித்த பரிசுக்காகப் புறப்பட்டார். எகிப்தின் அபுகீரில், எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி எஞ்சினியர் தீப்பொறிக் கட்டையின்றித் தவித்து நின்றார். தம்மிடமிருந்ததைக் கொடுத்துதவினார் டாடா. சில மணி நேர வேறுபாட்டில் பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. அந்த ஆஸ்பியே பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

லண்டனிலிருந்து வரும் வானஞ்சல் அந்நாளில் கராச்சியோடு நின்றது. அதனைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் கொண்டுவரும் திட்டத்தை வகுத்தவர் நெவில் வின்சென்ட் என்னும் விமானி. அரசு மானியம் ஏதும் தரவில்லை. எனினும் 1932 அக்டோபர் 15ஆம் நாள் காலை, கராச்சியின் டிரிக் ரோடு திடலிலிருந்து ‘புஸ் மாத்’ விமானத்தில் அஞ்சல் மூட்டையுடன் தனித்துக் கிளம்பினார் டாடா. வானொலித் தொடர்பில்லை, வழிகாட்டும் கருவிகளில்லை. அகமதாபாத்தில் எரிபொருள் தகரங்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன! நண்பகல் கழிந்து ஜூஹு திடலில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரிக்குப் பறந்து, இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். ஜூஹு சேற்றுத் திடலை மழைக்காலத்தில் நீர் சூழ்ந்துகொள்ளும். அப்போது பூனாவுக்கு இடம்பெயர்ந்து சேவையை நடத்தினர். உருக்கையும் மோட்டாரையும் விரித்துரைக்கும் வரலாறுகள் இப்பகுதியை இரண்டு வரிகளில் கடந்துவிடுவது முறையன்று. மனிதர் முழுமையாக வாழ்ந்தது இங்கேதான்.

1938இல், முப்பத்து நான்காம் வயதில், டாடா நிறுவனங்களின் தலைமை அவரிடம் வந்தது. 1942இல் வின்சென்ட் போர்க்கால வான்பயணத்தில் மறைந்தார். அஞ்சல் சேவையிலிருந்து வளர்ந்த ஏர் இந்தியாவை 1953இல் அரசு நாட்டுடைமையாக்கியது. தம்மைக் கலந்து பேசாமல் செய்த அச்செயல் அவரை மிகவும் புண்படுத்திற்று. ஆயினும் அரசு வேண்டியபோது தலைவர் பொறுப்பை ஏற்று இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். பயணிகள் இருக்கையின் திரைச்சீலை வரை அவர் கண்ணுக்குத் தப்பாது. 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை அப்பொறுப்பினின்று நீக்கியது. பெற்று வளர்த்த பிள்ளையை இருமுறை பறிகொடுத்தவர் நிலை அது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. முதல் பயணத்தின் பொன்விழா வந்தது. 1962இல் வெள்ளிவிழாவைத் தாண்டிய முப்பதாம் ஆண்டில் அவ்வழியை மீண்டும் பறந்து காட்டியிருந்தவர், 1982 அக்டோபர் 15இலும் கராச்சிக்குச் சென்றார். புஸ் மாத்தின் இனத்தைச் சேர்ந்த ‘லெப்பர்ட் மாத்’ என்னும் பழைய ஒற்றை எஞ்சின் விமானம் காத்திருந்தது. ஜம்போ ஜெட்டுகளை வாங்கிய நிறுவனத்தின் முன்னாள் தலைவர், எழுபத்தெட்டு வயதில், உடன் எவருமின்றி அதில் ஏறி, அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஜூஹுவில் வந்து இறங்கினார்.