ஃபிரிட்ஜ் சுவருக்குள் ஒரு வாயு: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

உங்க வீட்டு ஃபிரிட்ஜின் சுவருக்குள் கெட்டியான பாலியூரித்தேன் நுரை இருக்கு. இட்லி மாவு பொங்குவது போல, ரசாயனக் கலவையைப் பொங்க வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். இட்லியில் வாயு வெளியே போய்விடும். இங்கே அது குட்டிக் குட்டி அறைகளில் அடைபட்டு, வெப்பத்தைத் தடுக்கும். பொங்க வைக்கும் அந்தப் பொருளுக்கு 'புளோயிங் ஏஜென்ட்' என்று பெயர். அதில் பல ஆண்டுகள் கோலோச்சிய வாயுக் குடும்பத்துக்கு வழி திறந்தவர் தாமஸ் மிட்ஜ்லி.

யார் இவர்?

1889-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்; பேர் வாங்கியதோ வேதியியலில். 1921-இல் கார் இன்ஜினின் தட்டல் சத்தத்தை நிறுத்த, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவரும் ஈய நச்சால் பாதிக்கப்பட்டார். ஆனாலும் 1924-இல் செய்தியாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார்.

ஃபிரிட்ஜுக்கு எப்படி வந்தார்?

அன்றைய ஃபிரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்றவை ஓடின. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. தீப்பிடிக்காத, நச்சில்லாத மாற்று வேண்டும் என்று தேடிய மிட்ஜ்லி குழு, 1928-இல் சிஎஃப்சி-12 வாயுவைத் தேர்ந்தெடுத்தது. 1930-இல் அதை மூச்சாக இழுத்து, மெழுகுவர்த்தி மீது ஊதி அணைத்துக் காட்டினார். ஆளையும் கொல்லாது, தீயும் பிடிக்காது என்று ஒரே ஊதலில் நிரூபித்தாயிற்று.

1940-இல் போலியோ அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்திருக்க உதவும் கயிறு-கப்பி அமைப்பை அவரே வடிவமைத்தார். 1944-இல் 55 வயதில் அந்தக் கயிறுகளிலேயே சிக்கி இறந்து கிடந்தார். அது விபத்தா, தற்கொலையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

அவர் காலத்துக்குப் பின், அதே குடும்பத்தின் சிஎஃப்சி-11 நுரை ஆலைகளுக்குள் வந்தது. சிஎஃப்சி-க்கள் ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் எச்சரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. புவியைச் சூடாக்குவதில் சிஎஃப்சி-11 கார்பன் டை ஆக்சைடைவிட 4,000 மடங்குக்கும் மேல் வலிமையானது.

அடுத்து வந்த எச்சிஎஃப்சி-141பி ஓசோனைக் குறைவாக அழித்தது, ஆனால் அழித்தது. இந்தியா 2020 ஜனவரி 1 முதல் அதன் இறக்குமதியை நிறுத்தியது. இப்போது ஃபிரிட்ஜ் ஆலைகளில் பரவலாக இருப்பது சைக்ளோபென்டேன். ஓசோனைத் தொடாது, புவியைச் சூடாக்குவதும் ரொம்பக் குறைவு. ஆனா தீப்பிடிக்கும். அதனால் ஆலையில் வாயுக் கசிவு சென்சார், காற்றோட்டம், தீப்பொறி வராத மின் கருவிகள் எல்லாம் வேணும். தீப்பிடிக்காத எச்எஃப்ஓ வகைகளும் இருக்கு, விலைதான் அதிகம்.

மிட்ஜ்லி ஒதுக்கிய தீ ஆபத்தை, இன்று தெரிந்தே திரும்ப ஏற்கிறோம். காரணம், அதை ஆலைச் சுவருக்குள் கட்டுப்படுத்த முடியும். வானத்துக்குப் போன வாயுவைத் திரும்பப் பிடிக்க முடியாது. சிஎஃப்சி-11 சுமார் 50 ஆண்டுகள் காற்றில் தங்கும். பழைய ஃபிரிட்ஜ்களின் நுரையிலும் அது இன்னும் அடைபட்டிருக்கிறது. காயலான் கடையில் உடைக்கும்போது வெளியே வரும்.