கிரகணத்தன்று நொடிகளை எண்ணிய சிறுமி: மரியா மிட்செல் குழந்தைகளுக்கு வானத்தைச் சொல்லிக்கொடுத்தது எப்படி?

1831, பிப்ரவரி 12. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் இருக்கும் நான்டக்கெட் தீவு. நல்ல குளிர்காலம். ஒரு வீட்டில் ஜன்னலையே கழற்றி வைத்துவிட்டு, அங்கே தொலைநோக்கியை நிறுத்தியிருக்கிறார் அப்பா. பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் 12 வயது மகள்.

அன்றைக்கு வளைய சூரிய கிரகணம். நிலா பூமியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும்போது, அதனால் சூரியனை முழுசா மறைக்க முடியாது. ஓரத்தில் வெளிச்சம் ஒரு வளையமாக மிஞ்சும். அந்த மறைப்பு எந்த நொடியில் நடந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தால், தங்கள் வீடு எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நொடி தப்பினால் கணக்கும் தப்பு. அப்படிப்பட்ட வேலையைத்தான் அப்பா தன் மகளிடம் கொடுத்தார்.

அந்தச் சிறுமி, மரியா மிட்செல். பின்னாளில் அமெரிக்காவின் முதல் பெண் வானியல் பேராசிரியர் ஆனவர்.

யார் இந்த மரியா?

1818 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர். வீட்டில் மொத்தம் 10 பிள்ளைகள். அப்பா வில்லியம் மிட்செல், பள்ளி ஆசிரியர். வானியலில் பெரிய ஈடுபாடு உள்ளவர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் படிப்பு பெண் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

நான்டக்கெட் அப்போது திமிங்கல வேட்டைக் கப்பல்களின் ஊர். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க சூரியன், நட்சத்திரங்கள், சரியான நேரம் காட்டும் கடிகாரம் மூன்றும் வேண்டும். கப்பல்களின் கடிகாரங்களை நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்துக் கொடுப்பதும் வில்லியமின் வேலை. அதனால் அந்தத் தீவுப் பசங்களுக்கு வானம் என்பது சும்மா அண்ணாந்து பார்க்கிற விஷயம் இல்லை. கடலுக்குப் போனவர்கள் வீடு திரும்புவதற்கான வழி.

17 வயதில் ஒரு பள்ளிக்கூடம்

1835-ல் மரியா சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். அப்போது அவருக்கே 17 வயதுதான். அங்கே பாடவேளை என்பது மணி அடிப்பதைப் பொறுத்தது இல்லை. பறவைகளைப் பார்க்க வேண்டுமா, விடிவதற்கு முன்பே வகுப்பு. நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டுமா, இருட்டிய பிறகும் வகுப்பு நீளும்.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். தீவின் பொதுப் பள்ளிகளில் நிறப் பாகுபாடு இருந்த காலம் அது. வெள்ளையர் அல்லாத குழந்தைகளையும் மரியா தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் முகம் சுளித்தால் கட்டணம் போய்விடும், பள்ளியே நடக்காது என்ற நிலையில், 17 வயதுப் பெண் எடுத்த முடிவு அது.

அடுத்த ஆண்டே ஊர் நூலகத்தில் நூலகர் வேலை கிடைக்க, பள்ளி முடிவுக்கு வந்தது. பகலில் நூலகம், இரவில் அப்பாவுடன் தொலைநோக்கி என 20 ஆண்டுகள் ஓடின.

மொட்டை மாடியில் கிடைத்த வால் நட்சத்திரம்

1847 அக்டோபர் 1, இரவு. அப்பா வேலை பார்த்த வங்கிக் கட்டடத்தில்தான் அப்போது குடியிருந்தார்கள். கீழே விருந்தினர்கள். மரியா நைசாக நழுவி மாடிக்குப் போனார். வழக்கமாகப் பார்க்கும் வானத்தில், துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், புதிதாக மங்கலாக ஏதோ ஒன்று. அது ஒரு வால் நட்சத்திரம்.

தொலைநோக்கியால் புதிய வால் நட்சத்திரத்தை முதலில் காண்பவருக்குத் தங்கப் பதக்கம் என்று டென்மார்க் அரசர் அறிவித்திருந்தார். ஆனால் தீவிலிருந்து தபால் போகத் தாமதம். அதற்குள் அக்டோபர் 3-ல் ரோமில் அதைப் பார்த்த டி விகோவின் தகவல் ஐரோப்பாவில் முந்திக்கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்டு எவரெட் விடாமல் எடுத்துச்சொன்ன பிறகே, 1848-ல் பதக்கம் மரியாவுக்கு வந்தது.

மதிப்பெண் கிடையாது

1865-ல் நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்காகத் திறக்கப்பட்ட வாஸர் கல்லூரியில் மரியா வானியல் பேராசிரியர் ஆனார். இத்தனைக்கும் அவர் கல்லூரிப் படி ஏறிப் படித்தவர் இல்லை. அங்கே 12 அங்குலத் தொலைநோக்கியுடன் ஆய்வகம் இருந்தது. வீடும் அதுதான்.

வருகைப் பதிவு, மதிப்பெண் இரண்டுமே அவருக்குப் பிடிக்காது. பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதைவிட, தானே பார்த்து, எழுதி, கேள்வி கேட்பதுதான் அவருக்குப் படிப்பு. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளை மாணவிகளை வைத்தே புகைப்படம் எடுத்தார். பெண் பிள்ளைகள் ராத்திரியில் வெளியே போவதா என்ற தயக்கம் வந்தபோது, நட்சத்திரம் ராத்திரியில்தானே தெரியும் என்ற எளிய நியாயத்தில் உறுதியாக நின்றார். ஆண் பேராசிரியர்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று தெரிந்தபோதும் சும்மா இருக்கவில்லை; போராடி உயர்வு வாங்கினார்.

நிலாவின் நிழலுக்குக் கீழே

1869 ஆகஸ்ட் 7 அன்று முழு சூரிய கிரகணம். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அயோவா மாநிலத்தின் பர்லிங்டனுக்கே போய்விட்டார் மரியா. வேடிக்கை பார்க்க இல்லை, கணக்கெடுக்க. 38 ஆண்டுகளுக்கு முன் அப்பா தன்னிடம் கொடுத்த வேலையை, இப்போது அவர் மாணவிகளிடம் கொடுத்தார். அந்தக் குழுவில் இருந்த மேரி விட்னி, பின்னாளில் மரியாவின் இடத்துக்கே வந்தார். 1878-லும் முன்னாள் மாணவிகளுடன் டென்வர் வரை போய் இன்னொரு முழு கிரகணத்தைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு 60 வயது நெருங்கியிருந்தது.

வீட்டில் இதைச் செய்ய முடியுமா?

தொலைநோக்கி இல்லாமலேயே மரியாவின் பாணியைத் தொடங்கலாம். மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் குழந்தையையே சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். காலையில் நீளமான நிழல் உச்சிப்பொழுதுவரை சுருங்கி, பிறகு எதிர்ப்பக்கமாக நீள்வதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி செய்தால், உச்சிப்பொழுது நிழலின் நீளமும் மாறியிருக்கும். விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: சூரியனை வெறும் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது.

மரியா மிட்செல் 1889 ஜூன் 28 அன்று, 70 வயதில் காலமானார். நான்டக்கெட்டில் அவர் பெயரில் இயங்கும் சங்கம் இன்றும் குழந்தைகளுக்கு அறிவியல் வகுப்புகள் நடத்துகிறது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்தான். 12 வயதில் அவர் நொடி எண்ணியது, அந்த நிலா சூரியனைக் கடந்து போன நேரத்தைத்தான்.