நொல்லே கண்ட நுண்வாயில்

கடலோரத்து ஊரிலும் குடிநீருக்குத் தவிப்பு உண்டு. அத்தவிப்பைத் தீர்க்க வந்த சவ்வின் கதை, 1700-இல் பிரான்சு நாட்டின் எளிய குடும்பமொன்றில் பிறந்த ழான் அந்துவான் நொல்லேயிடம் தொடங்குகிறது.

சமயக் கல்வி பயின்றவர் அவர்; உள்ளமோ ஆய்வுக்கூடத்தையே நாடியது. 1746-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவலரைக் கைகோத்து நிற்கச் செய்து, மின்சாரம் பாய்ச்சி ஒருங்கே துள்ள வைத்தார். அரண்மனையே வியந்தது. ஆயினும் காலத்தை வென்றது அதுவன்று.

1748-இல் சாராயம் நிறைந்த குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி, நீரில் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் சவ்வு புடைத்து நின்றது! நீர் உள்ளே புகுந்திருந்தது. சாராயத்தால் அவ்வளவு எளிதில் வெளியேற இயலவில்லை. சவ்வு ஆளறிந்தே வழிவிடுகிறது என்பது புலனாயிற்று. 1753-இல் பாரிசு நவார் கல்லூரியில் பேராசிரியரான நொல்லே, 1770-இல் மறைந்தார்.

இயல்பாக நன்னீர் உப்புநீரை நோக்கிச் செல்லும். உப்புநீரை மிகுந்த அழுத்தத்தால் நெருக்கினால் நன்னீர் இப்புறம் திரும்பும். 1960-ஆம் ஆண்டையொட்டி, இந்தியரான சௌரிராஜனும் சிட்னி லோபும் கலிபோர்னியாவில் உருவாக்கிய செல்லுலோசு அசிட்டேட்டுச் சவ்வு இதனைக் கைகூடச் செய்தது. நம் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் 1991-இல் அமைந்த அலைமின் நிலையத்தின் ஆற்றலைக் கொண்டும் பின்னாளில் கடல்நீரை நன்னீராக்கிப் பார்த்தனர்.

பயன் என்றைக்கு வரும் என்று கேளாமல், கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தவர் நொல்லே. மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராததொன்று புடைத்தெழுந்தால் அதைப் புறந்தள்ளாதீர்!