சிட்னி றிங்கர்

வைத்தியசாலைச் சேலைன் போத்தல்களிலே றிங்கர் என்னும் பெயரை நாம் கண்டிருக்கின்றோம். அப்பெயருக்குரிய சிட்னி றிங்கர் இங்கிலாந்தின் நோரிச் நகரிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்று, அதன் வைத்தியசாலையிலேயே நெடுங்காலம் வைத்தியராய் விளங்கியவர்.

நோயாளரைப் பார்த்தபின் எஞ்சிய பொழுதிலே, தவளையின் இதயத்தைப் பிரித்தெடுத்து, அதனூடே உப்புக்கரைசலைச் செலுத்தி ஆராய்ந்தார். 1882இல் தம் முடிபுகளை வெளியிட்டார். அக்கரைசல் வடித்த நீராலன்றிக் குழாய்நீரால் ஆக்கப்பட்டிருந்தமை பின்னரே தெரியவந்தது. வடித்த நீரைக்கொண்டு மீளவுஞ் செய்தார். துடிப்பு விரைவில் ஓய்ந்தது. குழாய்நீரிற் கரைந்திருந்த சிறிதளவு கல்சியமே இதயத்தை இயக்கியிருந்தது! 1883இல் வெளிவந்த கட்டுரையின் தொடக்கத்திலேயே றிங்கர் இதனை ஒளியாது எழுதினார். விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தும் எம் மாணாக்கர் சிலர் அக்கட்டுரையைத் தேடிப் படிப்பாராக.

பொற்றாசியம் மிகுந்தால் இதயம் தளர்ந்து நின்றுவிடும் என்பதையும், கல்சியமும் பொற்றாசியமும் அளவோடு அமைந்தவிடத்தே துடிப்பு நிலைக்கும் என்பதையும் அவர் காட்டினார். அதன் காரணம் அக்காலத்தார்க்கு எட்டவில்லை. கலமென்சவ்விலே நான்கு புரதக்கூறுகள் சூழ அமைந்த நுண்வாயிலூடாகவே பொற்றாசிய அயன் செல்கின்றது. அதனினுஞ் சிறிய சோடிய அயனை அவ்வாயில் புகவிடாது. இவ்வமைப்பை 1998இல் றொடெரிக் மக்கினன் குழுவினர் கண்டு காட்டினர். ஒவ்வொரு துடிப்பின் பின்னும் இதயத்தசை தன்னிலைக்கு மீள்வது பெரிதும் இத்தகைய வாயில்கள் திறப்பதனாலேயே. துடிப்பின் ஒழுங்கின்மைக்குக் கொடுக்கும் அமியோடறோன் இவற்றை அடைத்து, அம்மீட்சியைத் தாமதிப்பிக்கும்.

றிங்கர் 1910இல், யோக்சயரிலுள்ள லாஸ்டிங்காம் என்னுஞ் சிற்றூரிற் காலமானார். இளமையில் இறந்த மகளின் நினைவாக அவ்வூர்த் தேவாலயத்தை முன்னரே புதுக்குவித்திருந்தார்.