மரத்தைத் தூக்க முடியலையா? மெஷினைத் தூக்கிட்டுப் போங்க! - செயின்சாவின் கதையும் உங்க பட்ஜெட்டும்

குஜிலியம்பாறைப் பக்கம் உங்களுக்கு ஒரு தோட்டம் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஆடிக் காத்துல வரப்போரம் நின்ன பழைய வேப்பமரம் வேரோட சாஞ்சு கிடக்குது. விறகு வியாபாரி வந்து பார்த்துட்டு ஒரு விலை சொல்வார். அது விறகுக்கான விலை. அதே மரத்தைப் பலகையா அறுத்தா ஒரு கட்டில், ரெண்டு ஜன்னல், ஒரு வாசக்கால் தேறும்.

ஆனா மரம் மில்லுக்குப் போகணுமே? ஒன்றரை அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள ஒரு பச்சைத் தடி அரை டன் எடை இருக்கும். ஏத்த நாலு ஆள், டிராக்டர் வாடகை, மில்லில் இறக்குற கூலி, அறுவைக் கூலி, பலகையைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு வாடகை. கணக்குப் போட்டுப் பார்த்தா, விறகுக்கே கொடுத்துடலாம்னு தோணும். பல நல்ல மரங்கள் அடுப்புக்குப் போறதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதே கணக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில் ஒரு இளைஞரையும் யோசிக்க வச்சது. அவர் பெயர் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல். நம்ம ஊர்க் கடைகளில் ‘ஸ்டில்’ மெஷின்னு சொல்றாங்களே, அது இவர் பெயர்தான். இவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, குறைந்த செலவில் மரம் அறுக்க என்ன மெஷின் வாங்கணும், எதை வாங்கக் கூடாதுங்கிறது பாதி புரிஞ்சிடும்.

கடன்பட்ட நாட்டில் ஒரு புதுத் தொழில்

ஷ்டீல் 1896 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். படித்து வளர்ந்தது பெரும்பாலும் ஜெர்மனியில். இயந்திரப் பொறியியல் படித்தார். அவர் தொழிலுக்கு வந்த காலம் மோசமான காலம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி கடனில் தவித்தது. 1923-ல் பணவீக்கம் உச்சத்துக்குப் போய், ஒரு ரொட்டி வாங்கக் கட்டுக்கட்டாக நோட்டு தேவைப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில் 1926-ல் ஸ்டுட்கார்ட் நகரில் தன் பெயரில் கம்பெனி ஆரம்பித்தபோது அவருக்கு வயசு 29. உங்களில் பலருக்கு இப்ப இருக்கிற வயசு.

முதலில் வருமானம் தந்தது ரம்பம் இல்லை, நீராவிக் கொதிகலன்களுக்கான சாதனங்கள்தான். அந்தத் தொழிலுக்காக ஆலைகளுக்கும் மர மில்களுக்கும் போய்வந்தவர், மரம் வேலை எவ்வளவு கஷ்டமானதுன்னு கவனித்தார். காட்டில் கோடாரியாலும் கை ரம்பத்தாலும் வெட்டி, பெரிய தடிகளை இழுத்துக்கொண்டு மில்லுக்கு வருவார்கள். வேலையில் பெரும்பகுதி அறுப்பதில் போகவில்லை, இழுப்பதில்தான் போனது. அங்கேதான் அவருக்கு அந்த எளிய யோசனை வந்தது. மரம் ரம்பத்தைத் தேடி வர வேண்டாம், ரம்பம் மரத்தைத் தேடிப் போகட்டும்.

நம்ம ஊரிலும் மில் வருவதற்கு முன்னால் இப்படித்தான். தடியைச் சாரத்தின் மேல் ஏற்றி, நீளமான வாளை மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் பிடித்து நாள் முழுக்க இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். பழைய வீடுகளின் உத்தரங்களில் பல அப்படி அறுத்தவைதான்.

48 கிலோ ரம்பம்

1926-ல் ஷ்டீல் செய்த முதல் செயின் ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. எடை சுமார் 48 கிலோ. ஆளுக்கு ஒரு முனையாக ரெண்டு பேர் பிடிக்கணும். காட்டில் கரன்ட்டுக்கு எங்கே போவது? அதனால் 1929-ல் பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷினைக் கொண்டுவந்தார். அதுவும் 46 கிலோ, அதற்கும் ரெண்டு ஆள் வேணும்.

ஒரு நியாயம் சொல்லணும். பெட்ரோல் ரம்பத்தில் அவர் முதல் ஆள் இல்லை. எமில் லெர்ப் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1927-லேயே டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டிவிட்டார். ஷ்டீலின் பலம் வேறு இடத்தில் இருந்தது. மெஷினை விற்றதோடு விட்டுவிடாமல், காட்டுக்கே போய் ஓட்டிக் காட்டினார், எப்படிப் பிடிப்பது, எப்படிக் கூர் தீட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார். என்ன உடைகிறது, எங்கே சூடாகிறது என்று பார்த்துவந்து அடுத்த மாடலில் சரிசெய்தார்.

உங்களுக்கான முதல் பாடம் இங்கே இருக்கு. மெஷினுக்கு முன்னாடி சர்வீஸைப் பாருங்க. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு 52, 58 சிசி மெஷின்கள் வரிசையா கிடைக்குது. விறகு வெட்ட, கிளை கழிக்க அது போதும். ஆனா ஸ்டார்ட்டர் கயிறோ, கார்பரேட்டரோ, கிளட்சோ போனா, அதுக்கு ஸ்பேர் திண்டுக்கல்லிலோ கரூரிலோ கிடைக்குமான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வாங்குங்க. எந்த பிராண்டா இருந்தாலும், பக்கத்து டவுனில் மெக்கானிக் இருக்கிற மெஷின்தான் விலை குறைஞ்ச மெஷின்.

மறைக்கக் கூடாத பக்கம்

வெற்றிக் கதைகளில் வழக்கமா தாண்டிப் போயிடுற ஒரு பக்கம் ஷ்டீல் வாழ்க்கையில் உண்டு. அவர் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் உறுப்பினர். எஸ்.எஸ். அமைப்பிலும் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஸ்டுட்கார்ட் மீது குண்டுகள் விழுந்தபோது அவர் தொழிற்சாலையும் தப்பவில்லை. உற்பத்தி வைப்லிங்கன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நோய்ஸ்டாட்டுக்கு மாறியது. போர் முடிந்ததும் நேச நாடுகள் அவரைக் காவலில் வைத்தன.

நல்ல கருவி செய்தவர் என்பதால் அந்த அரசியல் இல்லாமல் போய்விடாது. அவர் கதையைச் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ரெண்டு ஆளில் இருந்து ஒரு ஆளுக்கு

வெளியே வந்தவர் மறுபடியும் பட்டறைக்குப் போனார். 1950-ல் ஒரே ஆள் தூக்கி ஓட்டக்கூடிய பெட்ரோல் ரம்பம் வந்தது. எடை 16 கிலோ. 1959-ல் வந்த ‘கான்ட்ரா’ மாடல் 12 கிலோதான், ஆனால் 6 குதிரைத்திறன். 30 வருஷத்துக்கு முன்னால் ரெண்டு பேர் சுமந்த சக்தி, எடை கால்வாசியாகி ஒரு ஆள் கைக்கு வந்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு மாற்றம் நடந்தது. ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946-ல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு தின்பதைக் கவனித்தார். இடமும் வலமுமாகச் செதுக்கிக்கொண்டே போனது அது. அதே போல இடது பல், வலது பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். இன்று நீங்க வாங்குற செயினில் இருப்பது அந்தப் பல்தான்.

ரெண்டாவது பாடம் இந்த எஞ்சினும் பல்லும்தான். மரத்தைக் குறுக்கே துண்டு போடுவது வேற, நீளவாக்கில் பலகை அறுப்பது வேற. துண்டு போட ஒரு நிமிஷம் ஆகும். பத்தடி பலகை அறுக்க மெஷின் பல நிமிஷம் முழு வேகத்தில் ஓடணும். சின்ன எஞ்சின் சூடாகி பிஸ்டன் பிடிச்சுக்கும். அதனால வாங்கும்போது இதை மனசுல வச்சுக்கோங்க:

எஞ்சின்: ஒரு அடிக்குள் உள்ள தடின்னா 60 சிசி பக்கம் இருக்கிற மெஷின் பொறுமையா அறுக்கும். ஒன்றரை அடிக்கு 70 சிசிக்கு மேல வேணும். ரெண்டு அடியைத் தாண்டினா 90 சிசி. அந்த விலைக்கு மில்லுக்கே கொண்டுபோறது லாபமான்னு யோசிங்க.

பார்: தடியின் அகலத்தைவிட நீளமா இருக்கணும். பலகை ஃப்ரேமை மாட்டினா பாரின் நீளத்தில் 4 இன்ச் வரைக்கும் அதுக்கே போயிடும். ஆனா சின்ன எஞ்சினில் ரொம்ப நீள பாரை மாட்டினா இழுக்காது.

செயின்: சாதாரண செயினின் பல் சுமார் 30 டிகிரி சாய்வில் தீட்டியிருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி நல்லது, பலகை வழுவழுப்பா வரும். இதுக்குன்னு தனி செயின் விற்குது. காசு மிச்சம் பண்ணணும்னா, பழைய செயினையே ஒவ்வொரு முறை தீட்டும்போதும் உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமா 10 டிகிரிக்குக் கொண்டுவந்துடலாம்.

ஃப்ரேம்: பலகை ஒரே கனத்தில் வர, மெஷினோட பாரில் மாட்டுற சட்டம் இது. சதுரக் குழாயை வச்சு நல்ல வெல்டிங் பட்டறையிலேயே செஞ்சுக்கலாம். முதல் அறுப்புக்கு மட்டும் தடியின் மேல நேரான அலுமினிய ஏணியோ, ரெண்டு ஆங்கிளோ வச்சு அது மேல ஓட்டணும். அந்த முதல் முகம் நேரா வந்தாத்தான் மத்த பலகை எல்லாம் நேரா வரும்.

தூளாகப் போறது எவ்வளவு?

கடைக்காரர் சொல்லாத ஒரு கணக்கு இருக்கு. செயின் ஒவ்வொரு முறை போகும்போதும் சுமார் 9 மி.மீ. மரத்தைத் தூளாக்கிடும். மில்லில் உள்ள பட்டை ரம்பம் 2 மி.மீ. அளவுதான் எடுக்கும். ஒரு அடி உயரத்துக்குச் சதுரமா எடுத்த கட்டையில் ஒரு இன்ச் பலகை அறுத்தா, மில்லில் 11 பலகை வரும், செயின்சாவில் 9 தான். அதே கட்டையை ரெண்டு இன்ச் சட்டமா அறுத்தா ரெண்டு இடத்திலும் 5 தான் வரும். அதனால செயின்சாவில் கனமான சட்டமும் பலகையும் எடுங்க: நிலை, பெஞ்ச், கட்டில் கால் மாதிரி. மெல்லிசு பலகை வேணும்னா மில்தான் சரி.

மரம் பச்சையா இருக்கும்போதே அறுத்துடுங்க. காய்ஞ்ச வேம்பு செயினையும் எஞ்சினையும் வதைக்கும். அறுத்ததும் பலகையின் ரெண்டு முனையிலும் பெயின்ட் அடிச்சு, நடுவில் சின்னக் குச்சிகள் கொடுத்து நிழலில் அடுக்குங்க. நம்ம பக்கத்து வெயிலில் நேரா போட்டா பிளந்துடும்.

கை நடுக்கத்துக்கும் ஒரு பதில்

வருஷக்கணக்கில் ரம்பம் பிடித்தவர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. அதிர்வுதான் காரணம். 1960-களின் நடுவில் ஷ்டீல் கம்பெனி கைப்பிடியையும் எஞ்சினையும் அதிர்வு தாங்கும் அமைப்பால் பிரித்தது. 1971-ல் உலகிலேயே அதிகம் விற்கும் செயின்சா என்ற இடத்தை அவர் மெஷின் பிடித்தது. 1973 ஜனவரி 14-ல், நம்ம ஊர் பொங்கல் சமயத்தில், 76 வயதில் அவர் இறந்தார். மூத்த மகன் ஹான்ஸ் பீட்டர் கம்பெனியைத் தொடர்ந்து நடத்தினார்.

அதனால மலிவு மெஷினைக் கையில் எடுத்ததும் முதலில் பாருங்க: கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கா? முன்னாடி உள்ள கைக்காப்பைத் தள்ளினா செயின் நிக்குதா? செயின் அறுந்தா பிடிக்கிற கொக்கி இருக்கா? இதில் ஒண்ணு இல்லைன்னாலும் அந்த மெஷின் வேண்டாம். செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுது. தொடையில் பட்டா யோசிக்க நேரம் இருக்காது.

வாங்குறதுக்கு முன்னாடி

வருஷத்துக்கு ஒரு மரம்தான்னா வாங்கவே வேண்டாம். மெஷினோட வர்ற ஆளுக்கு நாள் கூலி கொடுத்துடுங்க. மூணு, நாலு மரம் வரிசையா இருந்தாலோ, சொந்தமா வீடு கட்டப் போறீங்கன்னாலோ வாங்குறதில் அர்த்தம் இருக்கு.

பட்டா நிலத்து மரமா இருந்தாலும் வெட்டுறதுக்கும் கொண்டுபோறதுக்கும் விதி இருக்கான்னு வி.ஏ.ஓ. கிட்டயும் வனத்துறை அலுவலகத்துலயும் கேட்டுக்கோங்க. சந்தனம், தேக்கு மாதிரி மரங்களுக்குக் கண்டிப்பா கேட்கணும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிச்சிருக்காங்க. ஊராருக்குக் கூலிக்கு அறுத்துக் கொடுக்கிற தொழிலா செய்யணும்னா லைசென்ஸ் விஷயத்தையும் முதலிலேயே கேட்டுடுங்க.

கையில் 20,000 ரூபாய் இருந்தா, முழுசையும் மெஷினில் போட்டுடாதீங்க. முகமூடியோட ஹெல்மெட், காது மூடி, வெட்டு தாங்கும் கால் உறை, பூட்ஸ், மரத்தூளுக்கு மாஸ்க். இதையெல்லாம் முதலில் எடுத்து வச்சுட்டு, மிச்சக் காசில் எந்த மெஷின் வருதோ அதைப் பாருங்க. காசு பத்தலைன்னா அடுத்த மாசம் வாங்கிக்கலாம். மரம் எங்கேயும் ஓடிடாது.